யாரும் கேட்காத ஊர்

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால், சமயநல்லூர் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்திருப்பார். எந்த ஊரு, என்ன சோலி, சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, மூத்தவளுக்கு இன்னுமா மாப்பிள்ளை பார்க்கவில்லை. வாடிப்பட்டியில் இறங்கும்போது இவர் வீட்டுக் கதை முழுக்க அவருக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரிந்திருக்காது.

வாடிப்பட்டியிலிருந்து பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிற ஒருவரைக் குளிர் அவ்வளவாகத் தோற்கடிப்பதில்லை. குளிருக்குச் சட்டை இருக்கிறது. யாரும் எதையும் கேட்காததைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்து இடம் காலியாகவே போகும். சிலர் நின்றுகொண்டே வருவார்கள். நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு முழம் இடைவெளி. மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும் சத்தம் கேட்டால், அவர் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறவர்கள் உண்டு. இதை வெளிநாட்டுக்காரர்கள் இட்டுக்கட்டிய கேலி என்று நினைக்க வேண்டாம். கரோலீனா கொர்ஹோனென் என்ற பின்லாந்து ஓவியர், மத்தி என்ற கூச்ச சுபாவக்காரனை வைத்து இதையெல்லாம் கேலிச்சித்திரங்களாக வரைந்தார். அது தங்கள் கதைதான் என்று சொல்லி அந்த ஊர்க்காரர்களே வாங்கிப் படித்தார்கள்.

அதற்காக அவர்களுக்கு அடுத்தவர் விஷயத்தில் ஆவல் கிடையாது என்று முடிவு கட்டிவிட முடியாது. பின்லாந்தில் ஒருவர் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பது பொதுத் தகவல். ஒவ்வொரு நவம்பரிலும் வரித்துறை முந்தைய ஆண்டுக் கணக்கைத் திறந்துவிடுகிறது. பத்திரிகைகள் முதல் வேலையாகப் பெரிய வருமானக்காரர்களின் பட்டியலை அச்சிடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வழி உண்டு. அந்த நாளைப் ‘பொறாமை நாள்’ என்று அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆக, சமயநல்லூரில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் அதே கேள்வியை அங்கே ஊர் மொத்தமும் வரித்துறையிடம் கேட்கிறது. ஆளைப் பார்த்துக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வருமானம் அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதால் அபராதமும் அதன்படியே விழும். சாலையில் வேகம் மீறினால் எல்லோருக்கும் ஒரே தொகை கிடையாது. குற்றம் கடுமையானால் நாள் வருமானத்தைக் கணக்கிட்டுப் போடுவார்கள். நோக்கியாவின் உயரதிகாரி ஒருவர் ஹெல்சிங்கியில் 50 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதித்த தெருவில் 75இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு, 2002இல் 1,16,000 யூரோ விதித்தார்கள். அவருடைய வருமானம் இறங்கியதைக் காட்டியபின் நீதிமன்றம் அதைப் பெருமளவு குறைத்தது என்பது வேறு கதை.

பின்லாந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த மௌனத்தில் தொடங்கி, மௌனத்திலேயே முடித்துவிடுகிறார்கள். வாடிப்பட்டிக்காரர் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அவர் கண்ணில் வேறு சில விஷயங்கள் படும். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். லண்டனிலோ பாரிஸிலோ இந்த ஒழுங்கை நம்பி இருக்க முடியாது. கழிவறையில் கைக்குழாய் இருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதை எதிர்பார்க்க முடியாது. தமிழன் அங்கே விடும் முதல் நிம்மதிப் பெருமூச்சு அதுதான். சாப்பாட்டோடு மோர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கெட்டியான மோர், பெயர் பீமா. கடையில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். காப்பியோடு தின்னும் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் மணக்கும். அந்தக் காய் போடியில் ஏலம் போனதா, குவாத்தமாலாவில் விளைந்ததா என்பது வியாபாரிக்குத்தான் வெளிச்சம். காப்பியைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ காப்பித்தூள் செலவழிக்கும் நாடு, அதை ஏன் இவ்வளவு இளவறுப்பாக வறுத்து இவ்வளவு தண்ணியாக இறக்குகிறது என்பது கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்தவருக்கு விளங்காது.

சனிக்கிழமைக் குளியலும் அப்படி ஒன்று. இங்கே ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை என்று வைத்திருந்ததைப்போல அங்கே சனிக்கிழமை மாலை சவ்னா என்ற நீராவிக் குளியலுக்கு. 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சவ்னா அறைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஒன்று இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய நாளில் பிரசவம் அங்கேதான் நடந்தது. செத்தவர் உடம்பைக் கழுவியதும் அங்கேதான். வீட்டிலேயே சுத்தமும் சூடும் வெந்நீரும் உள்ள இடம் அதுவாக இருந்ததால் வேறு போக்கிடமில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சவ்னா கீழ்த்தளத்தில் இருக்கும். சுவரில் ஒரு பட்டியல்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வீடு. ஐந்து மணி வீட்டுக்காரர் ஆறுக்கு ஒரு நிமிஷம் முன்னால் வெளியே வந்துவிடுவார். யாரும் நேரம் சொல்லிக் கதவைத் தட்டுவதில்லை. வாடிப்பட்டிக்காரருக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. பேரணையிலிருந்து வரும் பெரியாறு வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடும்போது இங்கேயும் இதே கணக்குதான். இன்ன மடைக்கு இன்ன நேரம். ஆனால் இங்கே முறை மாறும் நேரத்தில் வரப்பில் நாலு பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள், குரல் உயரும், அப்பன் பாட்டன் கதை வெளியே வரும். அங்கே பட்டியலே போதுமானதாக இருக்கிறது. வசந்த காலத்தில் ஒருநாள் குடியிருப்பு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து முற்றத்து இலைகுப்பையை வாருவதும் உண்டு. நம் குடிமராமத்து போலத்தான். வேலை முடிந்ததும் காப்பியும் சுட்ட சாசேஜும். வருடம் முழுக்கப் பேசாதவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் பேசுவார்கள். சவ்னாவுக்குள்ளும் பேசுவார்கள். வேர்வையில் உட்கார்ந்தவர்கள் மேலதிகாரி, கீழதிகாரி பார்ப்பதில்லை.

தமிழர் ஒருவர் இந்த நாட்டை உற்றுப் பார்த்ததன் பெரிய பலன் ஒன்று ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. உதயணன் என்ற பெயரில் கதைகள் எழுதிய இலங்கைத் தமிழர் ஆர். சிவலிங்கம், 1980களில் பின்லாந்தில் குடியேறியவர். பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவைத் தமிழில் செய்யுளாகவே மொழிபெயர்த்து 1994இல் வெளியிட்டார். அஸ்கோ பர்ப்போலாவின் முன்னுரை அதில் உண்டு. சிந்துவெளி எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று பல பத்தாண்டுகளாக வாதிட்டு, 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் விருது வாங்கினாரே, அதே ஹெல்சிங்கிப் பேராசிரியர்தான். சிவலிங்கம் பின்னர் உரைநடையிலும் கலேவலாவைச் சொன்னார். மதுரைத் திட்டம் மின்னூலகத்தில் அதை யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

கலேவலாவைத் தொகுத்தவர் எலியாஸ் லொன்ரொட், ஒரு மாவட்ட மருத்துவர். உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததைப்போல இவர் வாய்ப்பாட்டு தேடிக் கரேலியாக் கிராமங்களில் நடந்தார். 1835இல் முதல் பதிப்பு. 1849இல் விரித்த பதிப்பு, 50 பாடல்கள், 22,795 அடிகள். படித்தால் ஒன்று உறைக்கும்: மௌனத்துக்குப் பேர்போன நாட்டின் காவியத்தில் ஆயுதமே வாய்தான். கிழப் பாடகன் வைனாமொயினன் தன்னைச் சவாலுக்கு இழுத்த இளைஞனைப் பாடிப் பாடியே சேற்றில் கழுத்தளவு புதைத்துவிடுகிறான். கல்யாணப் பாடல்களில் மணப்பெண்ணுக்குச் சொல்லும் புத்திமதி பக்கம் பக்கமாக நீள்கிறது: மாமியாரிடம் எப்படி நடக்க வேண்டும், விடியுமுன் எழுந்து என்ன செய்ய வேண்டும், விருந்தாளியை எப்படிக் கவனிக்க வேண்டும். சோழவந்தான் பக்கத்துக் கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா உட்கார்ந்து சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கடைசிப் பாட்டு வேறு மாதிரி. மர்யாத்தா என்ற கன்னிப்பெண் ஒரு காட்டுப்பழத்தை விழுங்கிக் கர்ப்பமாகிறாள். தாய் தகப்பன் வசைபாடித் துரத்துகிறார்கள். பிள்ளை பெற ஒரு சவ்னா கேட்டு ஊருக்குள் ஆள் அனுப்புகிறாள். ஊர்ப்பெரிய மனிதன் வீட்டில் மறுத்துவிடுகிறார்கள். குதிரை லாயத்தில் பிரசவம். ஊர் வாய் என்றால் என்ன என்று அந்தக் காவியத்துக்கும் தெரிந்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டவர்கள் பிற்பாடு கேட்கும் வேலையை அரசாங்கத்திடம் விட்டார்கள் என்று தோன்றுகிறது. சாப்பிட்டாயா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். 1866 முதல் 1868 வரை பின்லாந்தில் பெரும்பஞ்சம்; மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டு சதவீதம் பேர் செத்தார்கள். பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். பத்து ஆண்டு கழித்து இங்கே தாது வருஷப் பஞ்சம். அதற்கு முன்பே பேச்சளவில் இருந்த பெரியாறு அணை அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தது. 1895இல் திறந்த அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கும் வாடிப்பட்டிப் பக்கத்து நெல்லை வளர்க்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு என்று பின்லாந்து 1943இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சட்டம் போட்டது. 1948இல் நடைமுறைக்கு வந்தது. சட்டமாகச் செய்ததில் அவர்கள் முதல். ஆனால் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920லேயே சோறு போட்டிருக்கிறது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அந்த வரிசை நீள்கிறது. பின்லாந்துப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு ஏந்தி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து மற்ற நாட்டுக்காரர்கள் வியப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர் வியக்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே டாக்டர் மகனும் அதே வரிசையில் நிற்கிறான்.

பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்குப் பின்லாந்து அரசாங்கம் ஒரு அட்டைப்பெட்டி அனுப்புகிறது. குழந்தைக்குச் சட்டை, குளிருக்கு உறை, துணி, மெத்தை, பெட்டியையே தொட்டிலாக்கிக்கொள்ளலாம். 1938இல் ஏழைத் தாய்மாருக்கு, 1949 முதல் எல்லோருக்கும். முக்கிய நிபந்தனை, கர்ப்பத்தின் நாலாம் மாதம் முடிவதற்குள் மருத்துவ நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் 2015இல் 16 பொருள்களோடு குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியபோது பின்லாந்து பெயர் இங்கே பத்திரிகைகளில் அடிபட்டது. பின்லாந்தில் பெட்டி வந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்த்துக் குழம்பு வைத்துக் கொடுத்து, ராத்திரியில் பிள்ளை ஏன் அழுகிறது என்று எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டு அத்தை வருவதில்லை. அங்கே பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்களுக்கு ஊரிலிருந்து அம்மா விசா எடுத்து வந்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குப் பின்லாந்து நோக்கியாவாகத்தான் வந்தது. டார்ச் வைத்த 1100 போனை நினைவு வைத்திருப்பவர்கள் வாடிப்பட்டியில் ஏராளம். மும்முனைக் கரன்ட் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போட வரப்பில் நடக்கும்போது ஒரு கையில் கம்பு, மறு கையில் போன் வெளிச்சம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஆலை திறந்தது. உச்சத்தில் எட்டாயிரம் பேர்வரை நேரடி வேலை. பெரும்பாலும் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் தேதி மூடியது. இதே கதை அங்கேயும் நடந்தது. பின்லாந்தின் தெற்கே சலோ என்ற சிறு நகரம் நோக்கியாவை நம்பி வாழ்ந்தது. 2012இல் அங்கே போன் தயாரிப்பு நின்றது. மிச்சமிருந்த பிரிவையும் சில ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் மூடியது. வேலை போனவர்களுக்கு அங்கே உதவித்தொகையும் மறுபயிற்சியும் கிடைத்தன. இங்கே ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பிய பெண்ணிடம் பஸ்ஸில் எத்தனை பேர் “ஏம்மா, வேலைய விட்டுட்டியா?” என்று கேட்டிருப்பார்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

சலோவின் இன்னொரு புகழ் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இன்று அந்நகராட்சியில் சேர்ந்துவிட்ட பெர்த்தேலி என்ற ஊரில்தான் ஆர்வி லெஹ்தி என்பவர் இருட்டில் போகும் குதிரைவண்டிகளுக்காக வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் தகட்டைச் செய்தார். பிற்பாடு அது மனிதர்கள் சட்டையில் ஏறியது. டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. வடகோடி உத்ஸ்யோக்கியில் ஏறக்குறைய ஐம்பது நாள் சூரியன் தலைகாட்டாது. வாடிப்பட்டியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. அங்கே இருட்டில் நடக்கிறவர் ஒளிர்தகடு மாட்டியிருக்க வேண்டும் என்று சாலைச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகள் கோட்டிலிருந்து பூ, மீன், நாய்க்குட்டி வடிவில் அவை ஆடிக்கொண்டிருக்கும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரி முழுக்க திண்டுக்கல் ரோட்டில் வரிசையாக நடக்கிறார்கள். அவர்கள் பைகளிலும் கம்பிலும் போலீஸ்காரர்கள் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்தவருக்கு இது புரிந்துவிடும். ரோட்டோரம் பந்தல் போட்டு மோரும் சுக்குக் காப்பியும் நீட்டி “எந்த ஊருலருந்து வர்றீக?” என்று கேட்பதுதான் அங்கே இல்லை.

இவ்வளவு சொன்னபின், கேட்கிற ஊர்தான் நல்ல ஊர் என்று வாடிப்பட்டியின் பக்கம் தராசைச் சாய்ப்பது சுலபம். பின்லாந்தில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஒருவரே வாழ்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தீர்ப்பே எழுதிவிடலாம். ஆனால் சமயநல்லூர் பஸ்ஸில் கேட்கும் கேள்விகளின் வரிசையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? யாரு வகையறா? மூன்றாவது நான்காவது கேள்வியில் கேட்கிறவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். கிடைத்தபின் சிலர் இன்னும் நெருங்கி உட்காருவார்கள், சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தெருப்பெயரைச் சொல்லத் தயங்கித் தயங்கி, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தக் கரிசனத்தின் விலை தெரியும். தனியாகப் பஸ்ஸில் போகும் பெண்ணுக்கும், குழந்தை இல்லாத தம்பதிக்கும் தெரியும். அப்படி ஒருவர் ஹெல்சிங்கியில் போய் இறங்கினால், யாரும் கேட்காத அந்தப் பேருந்தில் முதல்முறையாக உடம்பைத் தளர்த்தி உட்கார முடியும். இதை எழுதுகிறவர்கள் குறைவு. உணர்ந்தவர்கள் அவ்வளவு குறைவாக இருக்க நியாயமில்லை.

அங்கேயும் மௌனம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிறத்துவேஷத் தொல்லை பட்டதாகச் சொன்னது 12 நாடுகளிலேயே பின்லாந்தில்தான் அதிகம்; 63 சதவீதம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர் அக்லாக் அகமது ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பல இனப் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார், மொத்தம் 5,000. பின்னிஷ் பெயருக்கு அழைப்பு அதிகம் வந்தது, சோமாலியப் பெயருக்கு மிகக் குறைவு. எந்தத் தெரு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் வரியே பதில் சொல்லிவிட்டது.

தமிழர்களுக்குப் பெயரே அங்கே தனிச் சிக்கல். அடுக்குமாடியின் நுழைவில் குடும்பப் பெயர்களின் பலகை இருக்கும், கதவிலும் அதுதான். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் அதை விரித்து எழுத, வீட்டுக் கதவில் பல வருஷமாக ஊரிலிருக்கும் அப்பா பெயர் தொங்கும். அலுவலகத்திலோ எல்லோரையும் முதல் பெயரால்தான் அழைப்பார்கள், பேராசிரியரையும், அமைச்சரையும்கூட. சார் போடாமல் ஒருவரைக் கூப்பிட வாடிப்பட்டிக்காரரின் நாக்குக்கு ஆறு மாதமாவது ஆகும்.

2024 அக்டோபரிலிருந்து குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தைப் பின்லாந்து ஐந்து ஆண்டிலிருந்து எட்டாக உயர்த்திவிட்டது. மொழித் தேர்விலும் தேற வேண்டும். இலக்கணத்தை மாலை வகுப்பில் உருப்போட்டுவிடலாம், எழுத்தும் வந்துவிடும். வாய்திறந்து பேசும் பகுதி ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பழகப் பேச்சுத்துணை தேடித்தான் எல்லோரும் அலைகிறார்கள்.